எபிரேயப் பனியும் நம் பனியும்

தமிழில் விவிலியத்தை இலக்கியமாக வாசிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேர்கொள்ளவில்லை. நம்பிக்கை உடையோர் அதை வேதமாக வாசிக்கின்றனர். நம்பிக்கைக்கு வெளியே நிற்போர் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் சிற்றிதழ் வாசகரோ யோபுவையும் பிரசங்கியையும் உன்னதப்பாட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, மீதமுள்ளவை வம்சவரலாறும் யுத்தமும்தான் என்ற முடிவோடு மூடி வைத்துவிடுகிறார். அந்த மூன்றாம் வகையினரை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறோம். அந்நூலுக்குள் மீண்டும் நுழைய அவர்களுக்கு ஒரு சிறு வாசல் உண்டு என்பது நம் எண்ணம். அது ஒரு சொல்: பனி.

எபிரேயத்தில் அதற்கு 'டல்' என்று பெயர். அரபியிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. பழைய ஏற்பாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இச்சொல், ஆசி, சாபம், சத்தியம், புலம்பல், காதல், மறுவாழ்வு என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. ஆனால் தமிழ் வாசகர் இவ்விடங்களை எதிர்கொள்ளும்போது, தம்மை அறியாமலே வேறொரு பனியைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகிறார். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பொருளில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்பவை.

நம் பனி எது? தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு, முன்பனியும் பின்பனியும், பனியின் பெயரைத் தாங்கியவை. ஆண்டில் நான்கு மாதங்களைப் பனிக்கென்று ஒதுக்கிய இலக்கணம் உலகில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த மாதங்கள் மகிழ்ச்சிக்கு உரியவை என்று சொல்ல முடியாது. குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியும் உரியது. பின்பனியோ பாலைக்குப் போய்ச் சேர்கிறது, பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது. சொல்லின் கிளைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். பனித்தல் என்றால் நடுங்குதல். பனி என்பதற்கு அச்சம், துன்பம், கண்ணீர் என்றெல்லாம் நம் அகராதிகள் பொருள் தருகின்றன. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிறது பழமொழி. துளைப்பது என்பது அன்பான செயல் அல்ல.

இதன்மேல் இருபதாம் நூற்றாண்டு இன்னொரு பூச்சைப் பூசிற்று. திரைப்பாடலும் புதுக்கவிதையும் பனித்துளியைக் கையில் எடுத்தன. சூரியன் வந்ததும் மறையும் ஒன்றாக, புல்நுனியில் ஒரு கணம் மின்னி இல்லாமற்போகும் அழகாக அதை மாற்றின. வாழ்த்து அட்டைகளும் தம் பங்கைச் செய்தன. ஆக, இன்றைய வாசகரிடம் இருப்பது இரண்டு பனிகள்: எலும்பைத் துளைக்கும் பழைய பனி, கணத்தில் மறையும் புதிய பனி. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு எபிரேயக் கவிதையை வாசித்தால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு ஓசியாவின் நூல் ஒன்றே போதும். அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்த நாட்டு வானத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இஸ்ரவேல் நாட்டில் மழை ஐப்பசி வாக்கில் தொடங்கி, பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும்போது நின்றுவிடும். அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வானத்திலிருந்து ஒரு சொட்டு விழாது. நம் ஊரில் கோடையிலும் ஓர் இடிமழை எதிர்பாராமல் வந்து போகும். அங்கே அந்த எதிர்பார்ப்புக்கே இடமில்லை. ஆனால் மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று மேற்கிலிருந்து ஏறி வருகிறது. மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர, அந்த ஈரம் இலையிலும் கல்லிலும் படிகிறது. திராட்சையும் வெள்ளரியும் தர்ப்பூசணியும் வளரும் காலம் அது. நெகேவ் பாலையின் மேட்டுப்பகுதியில் அவ்தாத் என்னுமிடத்தில் மைக்கேல் எவெனாரியும் அவரது கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள்: ஆண்டில் சராசரியாக 195 இரவுகள் பனி, மொத்தமாகச் சேர்த்தால் 33 மில்லிமீட்டர் அளவு. எங்கள் பக்கம் ஒரே ஒரு நல்ல ஐப்பசி மழையில் இதைவிட அதிகம் கொட்டிவிடும். ஆனால் அந்த 33 மில்லிமீட்டர் ஒரே நாளில் கொட்டுவதில்லை. வேறு எதுவும் வராத காலத்தில், இரவுதோறும், சத்தமில்லாமல் வருகிறது. அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் சமவெளியில் நிலைமை தலைகீழ். ராசிபுரத்திலும் நாமகிரிப்பேட்டையிலும் பனி விழுவது மழைக்குப் பிறகு, மார்கழி தொடங்கி மாசி வரை. காற்றில் வடகிழக்குப் பருவத்தின் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும் காலத்தில். தண்ணீருக்குத் தவிக்கும் சித்திரையிலும் வைகாசியிலும் பனி எட்டிப் பார்ப்பதில்லை. குளிரோடு சேர்ந்து வரும் பனி குளிரின் பெயரைப் பெற்றுவிட்டது. வறட்சியோடு சேர்ந்து வரும் பனி அங்கே உயிரின் பெயரைப் பெற்றது. இரண்டு மொழிகளின் இரண்டு பனிகளுக்கும் உள்ள தூரம் கடைசியில் மாதக்கணக்கு சார்ந்ததுதான்.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு ஆதியாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்துக்குப் போகலாம். கண் மங்கிய ஈசாக்கு, மூத்தவன் என்று நினைத்து இளையவனை ஆசீர்வதிக்கிறான். அந்த ஆசியின் முதல் பொருள் வானத்தின் பனி. அதன் பிறகுதான் நிலத்தின் கொழுமையும் தானியமும் திராட்சரசமும் வருகின்றன. மழை அந்த ஆசியில் இல்லவே இல்லை. ஏமாற்றப்பட்ட ஏசா வந்து அழுகிறான். எனக்கு ஓர் ஆசியும் மிச்சமில்லையா என்கிறான். தகப்பன் சொல்லும் பதிலில் அதே நிலக் கொழுமையும் அதே வானத்துப் பனியும், வரிசை மாறி, மீண்டும் வருகின்றன. சிக்கல் ஒரு முன்னொட்டில் இருக்கிறது. எபிரேயத்தில் 'மின்' என்னும் அவ்வுருபு 'இலிருந்து' என்று பொருள்படும். பனியிலிருந்து உனக்கு ஒரு பங்கு என்றும் கொள்ளலாம். பனியிலிருந்து விலகி உன் குடியிருப்பு என்றும் கொள்ளலாம். யாக்கோபுக்குச் சொல்லும்போது அது பங்கு. ஏசாவுக்குச் சொல்லும்போது விலக்கமா? ஆங்கிலத்திலேயே 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு ஏசாவுக்கும் பனியைக் கொடுத்துவிடுகிறது; இருபதாம் நூற்றாண்டுப் பதிப்புகள் பல பறித்துக்கொள்கின்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கும் கட்சியைச் சேர்ந்தது. நமக்கோ, இதில் கட்சி சேரவே விருப்பமில்லை. ஒரே சொற்களை இருவருக்கும் சொல்லி, ஒருவனுக்குக் கொடையாகவும் மற்றவனுக்குப் பறிப்பாகவும் ஆக்கும் அந்த இரட்டைத்தன்மைதான் அக்காட்சியின் உயிர் என்று தோன்றுகிறது. பனியின் அருமை தெரியாத வாசகருக்கு இந்த இழப்பின் கனம் கையில் ஏறாது. பனி இல்லாவிட்டால் என்ன, குளிராவது குறையும் என்று நினைத்துவிடுவார்.

சாபங்களும் அப்படித்தான். சவுலும் யோனத்தானும் மாண்ட கில்போவா மலையைப் பார்த்துத் தாவீது, உன்மேல் பனியும் மழையும் இல்லாமற்போகட்டும் என்கிறான். இது தாவீதின் கற்பனை மட்டுமன்று என்பது 1929இல் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் தொடங்கிய அகழாய்வுக்குப் பின் தெரியவந்தது. அங்கே புதைந்திருந்த உகரித் நகரத்தின் களிமண் ஏடுகளில் அக்காத் என்னும் இளைஞனின் கதை இருக்கிறது. அவன் கொலையுண்டபோது அவன் தகப்பன், ஏழாண்டுகள் பனியும் மழையும் பொய்க்கட்டும் என்று சபிக்கிறான். இரண்டும் ஒரே மரபின் ஒப்பாரி. அதே ஏடுகளில் புயல்தெய்வமான பாகாலுக்குப் பிள்ளைகளாக வரும் பெண்களில் ஒருத்தியின் பெயர் தல்லாய், பெயரிலேயே பனி. பனி பாகாலின் வீட்டுப் பெண்! அப்படியானால் எலியா ஆகாப் அரசன் முன் நின்று, என் வாக்கு இல்லாமல் இந்த ஆண்டுகளில் பனியும் மழையும் பெய்யாது என்று ஆணையிடும்போது, அது வெறும் வறட்சி அறிவிப்பு அன்று; பாகாலை வணங்கிய அரசனின் முகத்துக்கு நேரே, உன் தெய்வத்தின் மகளை அவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் தடுக்கிறேன் என்று சொல்வது.

எலியாவின் கதையில் யூத ஞானியர் கவனித்த ஒரு நுட்பம் உண்டு. பனி, மழை இரண்டையும் தடுப்பதாக எலியா சொன்னான். மூன்றாம் ஆண்டில் கடவுள் அவனிடம், போ, மழையை அனுப்புவேன் என்கிறார். பனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன்? தல்மூதின் தானீத் பகுதியில் இக்கேள்விக்குத் தரப்படும் விடை: பனி ஒருபோதும் நிறுத்தப்படுவதில்லை. தீர்க்கதரிசி ஆத்திரத்தில் எதையும் சொல்லலாம். பனி தன் பாட்டுக்கு விழுந்துகொண்டுதான் இருந்தது. மழை நடத்தைக்குக் கூலி, பனி நிபந்தனையற்றது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். (ஆகாய் தீர்க்கதரிசி, ஆலயம் பாழாய்க் கிடப்பதால் வானம் பனியைப் பெய்யாமல் நின்றது என்று கடிந்துகொள்கிறாரே என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். ஞானியர் அதற்கும், நின்றது பனி அன்று, பனியின் ஆசிதான் என்கிற விதமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உரைகாரர்கள் எந்த மொழியிலும் உரைகாரர்களே.)

இப்போது ஓசியா. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. வட அரசு சரிந்துகொண்டிருந்த காலம். ஆறாம் அதிகாரத்தில் கடவுள் எப்பிராயீமையும் யூதாவையும் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்: உங்கள் அன்பு காலைமேகம் போன்றது, விடியலில் ஒழியும் பனி போன்றது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதே பனி இன்னும் கடுமையாக வருகிறது; சூறாவளி அடித்துச் செல்லும் பதர், சாளரத்து வழியே போகும் புகை ஆகியவற்றோடு ஒரே வரிசையில். இங்கே நம் வாசகருக்கு ஓர் இடறலும் இல்லை. திரைப்பாடல் கற்றுக்கொடுத்த பனிதான் இது, மறையும் பனி. எபிரேயனுக்கும் பனி மறையும் என்பது தெரியும். அவனும் சூரியனைப் பார்த்தவன்தான்.

ஆனால் பதினான்காம் அதிகாரத்தில் கடவுள் தம்மைப் பற்றிப் பேசுகிறார். நான் இஸ்ரவேலுக்குப் பனியைப்போல் இருப்பேன் என்கிறார். நம் வாசகர் இங்கே திகைக்க வேண்டும். இப்போதுதானே மறைவதற்கு உவமையாகப் பனியைச் சொன்னீர்? அதே உவமையைத் தமக்கே எப்படிச் சூட்டிக்கொள்கிறீர்? திகைப்பதற்குப் பதிலாக நாம் பெரும்பாலும் இதை ஓர் அழகான வரி என்று கடந்துவிடுகிறோம். அந்த வரியைத் தொடர்ந்து வருபவை எவை என்று பாருங்கள்: மலரும் லீலி, லீபனோனைப் போல் ஊன்றும் வேர், பரவும் கிளை, ஒலிவத்தின் அழகு. வேர் ஊன்றுவதற்குப் பனி காரணமாகிறது. மறைந்துபோவது பனியின் குணம் அன்று, பனி தன்னைக் கொடுத்துவிட்ட விதம் என்று அக்கவிஞர் சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டார். மக்களின் அன்பும் காலையில் காணாமற்போகிறது, கடவுளின் பனியும் காலையில் காணாமற்போகிறது. முன்னது எதையும் விட்டுச் செல்லவில்லை, பின்னது வேருக்குப் போயிற்று. ஒரே நூலுக்குள், ஒரே உவமையை வைத்து, குற்றச்சாட்டையும் மன்னிப்பையும் எழுதிய இந்தத் துணிவுக்கு ஈடாக நம் நவீன கவிதையில் எத்தனை இடங்களைக் காட்ட முடியும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மீகாவும் ஏறத்தாழ அதே காலத்தவர். சிதறப்போகும் யாக்கோபின் மிச்சம் மக்களினங்களுக்கு நடுவே பனிபோல் இருக்கும் என்கிறார். மனிதனுக்குக் காத்திராத பனி என்று அதற்கு அடைமொழியும் தருகிறார். வாய்க்காலுக்கு மடைதிறக்க ஒருவன் வேண்டும், கிணற்றுக்கு ஏற்றமிறைக்க ஒருவன் வேண்டும். பனிக்கு யாரும் வேண்டாம். விவசாயி தூங்கிக்கொண்டிருக்கும்போது வரும் நீர் அது ஒன்றுதான். ஏசாயாவின் இருபத்தாறாம் அதிகாரம் இதை எல்லைவரை கொண்டுபோகிறது: மண்ணில் கிடப்போரே எழுந்து பாடுங்கள் என்று இறந்தவர்களை அழைத்து, உன் பனி 'ஓரோத்' பனி என்கிறது. ஓரோத் என்பதை ஒளிகள் என்றும் கொள்வர், பூண்டுகள் என்றும் கொள்வர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பூண்டின் பக்கம் நிற்கிறது. காய்ந்த வேரைத் தளிர்க்கவைக்கும் பனி, புதைந்த எலும்பையும் தளிர்க்கவைக்கும் என்பது கருத்து. உயிர்த்தெழுதல் என்னும் எண்ணம் எபிரேய மறைநூலில் வெளிப்படையாகத் தலைகாட்டும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. அதற்கு அவர்கள் தேடிக்கண்ட உவமை நெருப்பும் அன்று, இடியும் அன்று.

கிதியோனின் கம்பளியைப் பற்றி ஒரு சொல். முதல் இரவில் களம் காய்ந்திருக்கக் கம்பளி மட்டும் நனைய வேண்டும் என்று அவன் அடையாளம் கேட்டான். ஒரு கிண்ணம் நிறையப் பிழிந்தான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டாம் முறை கேட்டான்: கம்பளி காய்ந்திருக்கக் களம் நனையட்டும். ஒரே அற்புதத்தை ஏன் இரண்டு முறை கேட்கிறான் என்று தோன்றலாம். 1814இல் பனியைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை லண்டனில் வெளியிட்ட வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனியை அளக்கப் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? எடைபோட்ட கம்பளித் திரள்கள். கம்பளி இரவில் விரைந்து குளிர்ந்து பனியை வாரிக்கொள்ளும். ஆகவே முதல் அடையாளம் ஆடு மேய்க்கும் எவனும் சந்தேகப்படக்கூடியது. இரண்டாவதுதான் இயற்கைக்கு எதிரானது. கிதியோன் கோழை என்பார்கள். இயற்பியல் தெரிந்த கோழை என்று சேர்த்துச் சொல்லலாம்.

இனி மொழிபெயர்ப்பு, நாம் உண்மையில் சண்டைபோட விரும்புவது இங்கேதான். எபிரேயத்தில் பனிக்கு டல், மலைமுகட்டில் வெண்மையாகக் கொட்டுவதற்கு ஷெலெக், உறைந்து படிவதற்குக் கெபோர். மூன்றும் உறவில்லாத மூன்று சொற்கள். தமிழில் இவை அனைத்தையும் 'பனி' விழுங்கிவிடக் காத்திருக்கிறது. ஹென்றி பவரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, இன்றும் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பெரிதும் வாசிக்கப்படும் அந்தப் பழைய பதிப்பு, இதற்கு ஓர் அருமையான ஏற்பாட்டைச் செய்தது. டல் வருமிடத்தில் பனி. ஷெலெக் வருமிடத்தில் 'உறைந்த மழை'. உறைந்த மழை! வெண்பொழிவை வாழ்நாளில் கண்டிராத ஒரு சமவெளி வாசகருக்கு அது என்ன என்பதை இரண்டே சொற்களில் விளக்கிவிட்ட தொடர். அதைவிட முக்கியமாக, பனியைப் பனிக்கே விட்டுவைத்த தொடர். பாவம் வெண்மையாவதைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற இடங்களில் பழைய பதிப்பை வாசிப்பவர் மனத்தில் பனித்துளி குறுக்கே வராது.

இருபதாம் நூற்றாண்டின் மொழிபெயர்ப்பாளர்கள் இத்தொடரைக் கரடுமுரடானது என்று கருதினார்கள் போலும். 1995இல் வந்த திருவிவிலியம் பல வகைகளில் போற்றத்தக்க தமிழ். நடையும் தெளிவும் பழையதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஷெலெக்கை உறைபனி என்பது போன்ற சொற்களால் அது பனியின் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இன்றைய வழக்கு அதுதானே என்பார்கள். உண்மைதான். காஷ்மீரத்தில் வெண்மையாகக் கொட்டுவதும் பனிப்பொழிவு. தை மாதம் நாமக்கல் சாலையில் வண்டிகள் விளக்கெரிய ஊர்ந்தால் அடுத்தநாள் செய்தித்தாளில் அதுவும் கடும் பனிப்பொழிவு. மூடுபனியும் பனித்துளியும் வெண்பொழிவும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கும் மொழியில், முந்தைய மொழிபெயர்ப்பாளர் ஒரு வேலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். நாம் அதைப் பிடுங்கிவிட்டோம். இனி வரும் திருத்தங்களிலாவது 'உறைந்த மழை'யை மீட்க வேண்டும் என்பது நம் கருத்து. நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்த தொடருக்குக் கரடுமுரடு என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை.

பழைய பதிப்பும் தப்பவிட்ட பனி உண்டு. தாவீதின் மனைவியரில் ஒருத்தி அவிதல். என் தகப்பன் பனி என்று அப்பெயர் பொருள்படும். எருசலேமின் கடைசி அரசனான சிதேக்கியாவின் தாய் அமுதல். அதிலும் பனி இருக்கிறது. தமிழில் இவர்கள் அபித்தாள், அமுத்தாள் ஆகிவிட்டார்கள். ராசிபுரம் வாரச்சந்தையில் யாரேனும் இப்பெயர்களைச் சொல்லி அழைத்தால் இரண்டு பாட்டிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை இயல்பாகத் தமிழ்ப்பெண் விகுதி ஒட்டிக்கொண்டது. பனி போன இடம் தெரியவில்லை.

பனிபற்றிய நம் மரபு முழுவதும் எபிரேயத்துக்கு அந்நியம் என்று சொல்லிவிட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். உன்னதப்பாட்டின் ஐந்தாம் அதிகாரத்தில் காதலன் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறான்; தலை முழுவதும் பனியில் நனைந்திருக்கிறது, திற என்கிறான். அவள் சுணங்குகிறாள், எழுந்து திறக்கும்போது அவன் இல்லை. திருப்பாவையின் பன்னிரண்டாம் பாசுரத்திலும் தலையில் பனி விழ வாசற்படியில் நிற்கிறார்கள். இங்கே வெளியே நிற்பவர்கள் பெண்கள், உள்ளே உறங்குபவளும் பெண். பனியில் நிற்க வைத்துவிட்டாயே என்னும் அந்த முறையீடு இரண்டிலும் ஒன்றே. காதலில் பனி எங்கும் குளிர்தான் போலிருக்கிறது. தானியேல் நூலில் பாபிலோன் அரசன் புத்தி பேதலித்து மாடுபோல் புல்மேய்ந்து வானத்துப் பனியில் நனைகிறானே, அதுவும் நமக்குப் புரியும் பனிதான்.

சங்கீதம் 133 மட்டும் நம்மை இன்னும் தடுமாற வைக்கிறது. எர்மோனின் பனி சீயோன் மலைகளில் இறங்குகிறது என்கிறது அது. எர்மோன் 2,814 மீட்டர் உயரம், வடகோடியில் இருக்கிறது. சீயோனோ ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தெற்கே. நீலகிரிப் பனி ராசிபுரத்தின்மேல் இறங்குகிறது என்று ஒருவர் பாடினால் எப்படியோ அப்படி. சகோதரர் ஒருமித்து வாழ்வதைப் பாடும் பாட்டு அது என்பதால், வடக்கும் தெற்குமாகப் பிரிந்துபோன இரு அரசுகளை ஒரே பனியில் நனைக்கும் ஆசை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. வானிலைப் படி தவறு, அரசியல்படி சரி.

எபிரேயப் பனியை உணர்வதற்கு ஒரு தமிழ் அனுபவமே இல்லையா என்றால், இருக்கிறது. அது இலக்கியத்தில் இல்லை, காட்டில் இருக்கிறது. போதமலை அடிவாரத்திலும் அதைச் சுற்றிய மானாவாரி மேட்டுநிலங்களிலும் கார்த்திகை வாக்கில் விதைத்த கொள்ளு, மழை நின்றபின் மார்கழியிலும் தையிலும்தான் கொடியோடிக் காய்க்கிறது. பனியிலேயே விளைந்துவிடும் என்பார்கள் பழைய குடியானவர்கள். வேளாண் அறிஞர்கள் இதைச் சற்றுத் திருத்துவார்கள்: மண்ணில் எஞ்சிய ஈரம்தான் முதல் காரணம்; இலையில் படிந்த பனி, காலைவெயில் இலையின் நீரை வாங்குவதை ஓரிரு மணிநேரம் தள்ளிப்போடுகிறது. திருத்தம் சரியே. ஆனால் அந்த ஓரிரு மணிநேரத்தைத்தான் ஓசியாவும் மீகாவும் பாடினார்கள். அதே பனி பக்கத்து வயலின் நிலக்கடலை இலையில் டிக்கா புள்ளியைக் கொண்டுவரும், மாம்பூவைக் கருக்கும், வெங்காயத் தாளில் பூஞ்சை பிடிக்க வைக்கும். ஆகவே எங்கள் விவசாயி பனியைக் கும்பிடுவதில்லை, ஒரு கண் வைத்திருப்பார். இன்று ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் மரவள்ளியுமாக மேட்டுநிலங்களும் மாறிவருகின்றன. கொள்ளுக்காடு குறையும்போது, பனியைக் கொடையாகக் கண்ட அந்தச் சிறு அறிவும் தமிழிலிருந்து போய்விடும். பிறகு நம்மிடம் எஞ்சுவது வாழ்த்து அட்டைப் பனி மட்டுமே.

யூதர்கள் தங்கள் பனியை மறக்காதிருக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பஸ்கா பண்டிகையின் முதல் நாளில் பனிக்கென்றே ஒரு வேண்டுதல் உண்டு. எலயாசர் கல்லீர் என்னும் பழங்கவிஞர் அதற்கு இயற்றிய பாடல் வழிபாட்டில் இன்றும் பாடப்படுகிறது. ஓய்வுநாள் விருந்தில் அப்பங்களைத் துணியால் மூடி வைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றும், வனாந்தரத்தில் மன்னா மேலும் கீழும் பனியால் பொதியப்பட்டு வந்தது என்பதே. செபார்திய மரபில் பஸ்கா முதல் இலையுதிர்காலப் பண்டிகைவரை, அன்றாட வழிபாட்டில் கடவுளைப் பனியை இறக்குபவர் என்று புகழ்கிறார்கள். அம்மரபைத் தழுவிய கொச்சி யூதர்களை நினைத்துப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம். ஆனி, ஆடி மாதம். ஓட்டுக்கூரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பனிக்காக நன்றி. மழை மிகுந்த மலையாளக் கரையில் நின்றுகொண்டு, கண்ணால் காணாத ஒரு நாட்டின் கோடையை நாக்கில் வைத்துக் காத்தவர்கள் அவர்கள். 1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சொல் பொருந்தும் வானத்தின் கீழ் அதைச் சொல்கிறார்கள்.

வாசிக்க விரும்பும் நண்பர்கள் ஓசியாவிலிருந்து தொடங்கலாம். பதினான்கே சிறு அதிகாரங்கள். ஒரு மாலையில் முடியும். பழைய பதிப்பில் ஒருமுறை, திருவிவிலியத்தில் ஒருமுறை வாசிப்பது நல்லது. கூடுமானால் மார்கழி வரை காத்திருந்து, விடியலில் ஏதேனும் ஒரு கொள்ளுக்காட்டு வரப்பு வரை நடந்துவிட்டு வந்து வாசியுங்கள். வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்துவிடும்.